‘மை ஃபாதர் ஹேவ்’ ஏன் தவறு? எழுவாயும் வினையும் ஒத்துப்போவது பற்றி மாணவர்கள் கேட்கும் கேள்விகள்

எட்டாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை ஆங்கிலம் ட்யூஷன் எடுக்கிறேன். நோட்டுகளில் நான் சிவப்பு மையால் அதிகம் வட்டம் போடுவது கடினமான சொல்லின் ஸ்பெல்லிங்கில் இல்லை, இஸ், ஆர், ஹேஸ், ஹேவ் என்ற குட்டிச் சொற்களில்தான். பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதியிருப்பதால் வாய்விட்டுப் படியுங்கள். இந்த விஷயத்தில் கண்ணைவிடக் காது நல்ல வாத்தியார்.

அக்ரிமென்ட் என்று எதைச் சொல்கிறார்கள்? சில புத்தகங்களில் கன்கார்ட் என்று இருக்கிறதே?

இரண்டும் ஒன்றுதான். எழுவாய் எப்படி இருக்கிறதோ அதற்குத் தக்கபடி வினைச்சொல்லும் வர வேண்டும், அவ்வளவுதான். இது நமக்குப் புதிதில்லை. ‘கண்ணகி வந்தான்’ என்று யாராவது சொன்னால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சிரிக்கும். தமிழ் இலக்கணத்தில் அதற்குப் பால்வழு என்று பெயர். பிழையில்லாமல் அமைந்தால் வழாநிலை. பிழைதான், ஆனாலும் ஒரு காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளலாம் என்றால் வழுவமைதி. பசுவைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்று கொஞ்சுவது போல. இந்த மூன்று சொற்களையும் மறந்துவிடாதீர்கள், ஆங்கிலத்துக்கும் கைகொடுக்கும்.

உண்மையில் நம் மொழியில்தான் இந்த வேலை அதிகம். வந்தேன், வந்தோம், வந்தாய், வந்தீர்கள், வந்தான், வந்தாள், வந்தார், வந்தார்கள், வந்தது, வந்தன என்று பத்து வடிவங்களை யோசிக்காமல் சரியாகச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் இந்தப் பத்துக்கும் ஒரே சொல்: கேம். இறந்தகாலத்தில் வாஸ், வேர் என்ற ஒரு ஜோடியைத் தவிர எந்த வினையும் எழுவாயைத் திரும்பிப் பார்ப்பதில்லை. கேன், வில், மஸ்ட், ஷுட் ஆகியவையும் யாருக்காகவும் மாறாது. தகராறு முழுவதும் நிகழ்காலத்தில்தான். அங்கேயும் ஆம், இஸ், ஆர், ஹேஸ், ஹேவ், டூ, டஸ் போக மிச்சம் இருப்பது ஒரே ஓர் எழுத்து: எஸ்.

அவ்வளவு சுலபம் என்றால் எங்களுக்கு ஏன் தப்பாகவே வருகிறது?

தமிழ் கண்டிப்பு காட்டுகிற இடமும் ஆங்கிலம் கண்டிப்பு காட்டுகிற இடமும் வேறு வேறு என்பதால்தான். அவனா அவளா என்று தமிழ் வினை பார்க்கும். ஆங்கில வினைக்கு அது பொருட்டே இல்லை. ஒன்றா பலவா என்று ஆங்கிலம் பார்க்கிற சில இடங்களில் நம் பேச்சுத் தமிழ் கண்டுகொள்ளாது. ‘மாடுகள் மேய்கின்றன’ என்று பரீட்சையில் எழுதுவோம். வீட்டில் ‘மாடெல்லாம் மேயுது’ என்போம். ‘பத்து மாடு’ என்போமே தவிரப் பத்து மாடுகள் என்று யார் பேசுகிறார்கள்? அந்தப் பழக்கம்தான் ‘டென் கவ் இஸ் கிரேஸிங்’ என்று நோட்டில் வந்து விழுகிறது. ‘டென் கவ்ஸ் ஆர் கிரேஸிங்’ என்று இருக்க வேண்டும்.

ஆகவே எல்லா விதிகளையும் முதல் பக்கத்திலிருந்து மனப்பாடம் செய்ய வேண்டாம். தமிழ் உங்களை எங்கே வேறு பக்கம் இழுக்கிறதோ, அந்த இடங்களை மட்டும் தெரிந்து வைத்துக்கொண்டால் முக்கால்வாசிப் பிழை போய்விடும்.

அப்பாவைப் பற்றி எழுதும்போது ‘மை ஃபாதர் ஹேவ்’ என்றால் மரியாதையாக இருக்காதா?

சிரிக்க வேண்டாம், நல்ல கேள்வி. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் தம்பியைப் பற்றிய பத்தியில் ‘மை பிரதர் ஹேஸ் எ சைக்கிள்’ என்று சரியாக எழுதியிருந்தான். அதே பக்கத்தில் ‘மை ஃபாதர் ஹேவ் எ லாரி’ என்றும் இருந்தது. ஏன்டா என்று கேட்டேன். ‘அப்பான்னா அவருதானே சார்’ என்றான். தமிழில் மரியாதைக்குப் பன்மை வடிவத்தைத்தான் ஒருவருக்கும் பயன்படுத்துகிறோம். ‘அப்பா வந்தார்கள்’ என்று சொல்லும் வீடுகளும் உண்டு. அவன் மனத்துக்குள் தமிழ் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது.

ஆனால் ஆங்கில வினையில் மரியாதை காட்ட இடமே கிடையாது. ‘தி பிரெசிடென்ட் கம்ஸ்’, ‘தி டாக் கம்ஸ்’ இரண்டுக்கும் ஒரே கம்ஸ்தான். மரியாதையை சார், மேடம், மிஸ்டர் போன்ற சொற்களில் வைத்துக்கொள்ளலாம். ஆள் ஒருவர் என்றால் ஒருமை: மை ஃபாதர் ஹேஸ், அவர் டீச்சர் இஸ், தி கலெக்டர் விசிட்ஸ்.

பாய்ஸ், கேர்ள்ஸ் என்று பன்மைக்குத்தானே எஸ் வரும்? ஒருமையான ‘ஹீ’க்குப் பக்கத்தில் ‘கோஸ்’ என்று ஏன் எஸ்?

பெயர்ச்சொல்லில் வரும் எஸ் வேறு, வினைச்சொல்லில் வரும் எஸ் வேறு. ஒரே சட்டை போட்ட இரண்டு ஆட்கள். பெயரில் வந்தால் பன்மை. வினையில் வந்தால் எழுவாய் படர்க்கை ஒருமை, அதாவது ஹீ, ஷீ, இட் அல்லது அவற்றின் இடத்தில் வரும் ஒரு பெயர்.

ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் நம்மைப்போல் வினை விகுதிகள் பல இருந்தன. 1611இல் வெளிவந்த ஆங்கில பைபிளைத் திறந்தால் லீட்ஸ் என்று இருக்காது, லீடெத் என்று இருக்கும். மேக்ஸ் இருக்காது, மேக்கெத் இருக்கும். நீ என்பதற்கு தௌ, அதற்குத் தனி விகுதி. காலப்போக்கில் எல்லாம் உதிர்ந்துபோய்க் கடைசியில் ஒட்டிக்கொண்டு நிற்பது இந்த எஸ் ஒன்றுதான்.

ஒரு நாட்டு வைத்தியம் சொல்கிறேன்: எழுவாய், வினை இரண்டில் ஒன்றுக்குத்தான் எஸ். ‘தி பாய் ரன்ஸ்’ என்பதில் வினைக்குப் போய்விட்டது. ‘தி பாய்ஸ் ரன்’ என்பதில் பெயருக்குப் போய்விட்டது. ‘பாய்ஸ் ரன்ஸ்’ என்றால் இரண்டு பேரும் வாங்கிவிட்டார்கள், தப்பு. இது எல்லா இடத்திலும் செல்லாது. சில்ட்ரன், மென், பீப்புள் ஆகியவை எஸ் இல்லாமலே பன்மை. பஸ், கிளாஸ் போன்றவற்றில் எஸ் இருந்தாலும் ஒருமை. பத்தில் எட்டு வாக்கியங்களுக்கு இந்த வைத்தியம் கேட்கும்.

‘யூ’ ஒரே ஆளைக் குறிக்கும்போதும் ‘யூ ஆர்’ என்றுதான் வர வேண்டுமா?

ஆமாம். இதற்குக் காரணம் தெரிந்தால் உங்களுக்குப் பிடிக்கும். யூ என்பது முதலில் நம்முடைய ‘நீங்கள்’. பலரைக் குறிக்கவும், ஒருவரை மரியாதையாக அழைக்கவும் வந்தது. ‘நீ’க்கு மேலே சொன்ன தௌ இருந்தது. நாளடைவில் எல்லோரையும் ‘நீங்கள்’ போட்டே அழைத்து ‘நீ’யைக் கைவிட்டுவிட்டார்கள். ஒருவரைப் பார்த்து ‘நீங்கள் வந்தீர்கள்’ என்று பன்மை வினை போடுகிறோமே, அதேதான் ‘யூ ஆர்’, ‘யூ வேர்’, ‘யூ ஹேவ்’. சற்று முன் மரியாதைக்கு இடமில்லை என்றேன். அந்த மரியாதையின் மிச்சம் இங்கே மட்டும் ஒளிந்திருக்கிறது.

‘ஐ’க்கு ஆம், வாஸ், மற்றபடி ஹேவ், டூ. இதைக் காரணம் கேட்காமல் படித்துக்கொள்ளுங்கள்.

‘ஹீ டஸின்ட் நோஸ்’ என்று எழுதினேன். ஹீக்கு நோஸ் தானே வர வேண்டும்?

தனியாக நின்றால் ‘ஹீ நோஸ்’. டஸ் வந்துவிட்டால் எஸ்ஸை அதுவே எடுத்துக்கொள்கிறது. டூ என்ற சொல்தான் எஸ் சேர்ந்து டஸ் ஆகியிருக்கிறது, கவனியுங்கள். ஒரு வாக்கியத்துக்கு ஒரு எஸ்தான் ரேஷன். டஸ் வாங்கிய பிறகு பின்னால் வரும் வினை வெறுங்கையோடு நிற்க வேண்டும்: ‘ஹீ டஸின்ட் நோ’, ‘டஸ் ஷீ கம்?’, ‘வேர் டஸ் யுவர் பிரதர் ஒர்க்?’.

‘டிடின்ட் வென்ட்’ என்பதும் இதே நோய்தான். காலத்தை டிட் சொல்லிவிட்டது, அப்புறம் எதற்கு வென்ட்? ‘டிடின்ட் கோ’ போதும். ‘ஷீ கேன் சிங்ஸ்’ என்பதும் கூடாது. கேன், வில், மஸ்ட் ஆகியவற்றுக்குப் பின் வினை அப்படியே வரும்.

வினைக்கு முன்னால் இருக்கும் சொல்லைப் பார்த்து இஸ், ஆர் போட்டுவிடலாமா?

கூடவே கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

‘சேலத்து மாம்பழங்களின் விலை ஏறிவிட்டது.’ எழுவாய் எது? விலை. அது எங்கே இருக்கிறது? வினைக்கு ஒட்டிப் பக்கத்திலேயே. தமிழில் அடைமொழி எல்லாம் முன்னால் வந்துவிடும், தலைச்சொல் கடைசியில் வரும், அதையடுத்து வினை வரும். அதனால் பக்கத்தில் இருப்பதைப் பார்த்து வினையை முடிப்பது நமக்குப் பழக்கமாகிவிட்டது.

அதையே ஆங்கிலத்தில் சொல்லுங்கள்: ‘தி ப்ரைஸ் ஆஃப் சேலம் மேங்கோஸ் ஹேஸ் கான் அப்.’ தலைச்சொல் ப்ரைஸ் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது. வினைக்குப் பக்கத்தில் மேங்கோஸ் வந்து நிற்கிறது. நம் பழக்கம் மேங்கோஸைப் பார்த்து ‘ஹேவ்’ போடச் சொல்லும். ஏறியது விலைதானே, மாம்பழமா ஏறியது?

நான் வகுப்பில் செய்ய வைப்பது இதுதான். பெயரை அடுத்து ஆஃப், இன், வித், ஃப்ரம், ஆன் போன்ற சொல் வந்தால் அங்கிருந்து வினை வரைக்கும் விரலால் மூடுங்கள். மூடியது ஒரு ஃப்ரேஸ், அதாவது சொற்றொடர். அதற்குள் எழுவாய் ஒருபோதும் இருக்காது. ‘தி பாக்ஸ் ஆஃப் ஸ்வீட்ஸ் இஸ் ஆன் தி டேபிள்.’ விரலை வைத்தால் மிச்சம் ‘தி பாக்ஸ் இஸ்’. ‘தி ஸ்டூடன்ட்ஸ் இன் தி லாஸ்ட் பெஞ்ச் ஆர் டாக்கிங்.’ மிச்சம் ‘தி ஸ்டூடன்ட்ஸ் ஆர்’.

சில சொற்களுக்கு மட்டும் விரலை எடுத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும்: சம் ஆஃப், மோஸ்ட் ஆஃப், ஆல் ஆஃப், ஹாஃப் ஆஃப். இவை அளவு மட்டுமே சொல்லும், பொருள் உள்ளே இருக்கும். ‘மோஸ்ட் ஆஃப் தி ரைஸ் இஸ் குக்ட்’, ‘மோஸ்ட் ஆஃப் தி ஸ்டூடன்ட்ஸ் ஆர் ஹியர்.’

‘தி ஹெட்மாஸ்டர் அலாங் வித் தி டீச்சர்ஸ்’ என்றால் ஆட்கள் பலர்தானே? ஹேவ் போடலாமா?

ஹேஸ்தான். ‘ஆசிரியர்களோடு தலைமையாசிரியர் வந்தார்’ என்ற வாக்கியத்தில் ஆசிரியர்கள் கூட வந்தவர்கள், எழுவாய் இல்லை. அலாங் வித், டுகெதர் வித், ஆஸ் வெல் ஆஸ் எல்லாமே இந்த ‘ஓடு’தான். விரல் வைத்தியம் இங்கேயும் உண்டு. ‘தி ஹெட்மாஸ்டர் அண்ட் தி டீச்சர்ஸ்’ என்று அண்ட் போட்டால்தான் எல்லோரும் எழுவாய், அப்போது ஹேவ்.

அண்ட் வந்தால் எப்போதும் பன்மைதானா என்றால், அநேகமாக ஆமாம். ஒரே ஆளுக்கு இரண்டு பதவி இருந்தால் ஒருமை: ‘மை ஃப்ரெண்ட் அண்ட் நெய்பர் ஹேஸ் கம்’ என்றால் நண்பரும் பக்கத்து வீட்டுக்காரரும் ஒருவரே. இரண்டு சேர்ந்து ஒரே உணவு என்றாலும் ஒருமை. இலக்கணப் புத்தகங்கள் பிரெட் அண்ட் பட்டர் என்பார்கள். நான் ‘இட்லி அண்ட் சாம்பார் இஸ் மை பிரேக்ஃபாஸ்ட்’ என்று சொல்லிக் கொடுப்பேன்.

‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்’ என்பதில் என்ன தவறு?

‘என் ஃப்ரெண்ட் ஒருத்தன்’ என்று பேசுகிறோம் அல்லவா, அதை அப்படியே ஆங்கிலமாக்கினால் இப்படித்தான் வரும். ஆனால் எழுத்துத் தமிழில் ‘என் நண்பர்களில் ஒருவன்’ என்று எழுதிப் பாருங்கள். நண்பர்களில் பன்மை, ஒருவன் ஒருமை. ஆங்கிலமும் அதேதான்: ‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் இஸ் இன் கோயம்புத்தூர்.’ பெயர் பன்மை, வினை ஒருமை. ஒன்று பலவற்றிலிருந்துதானே வர முடியும்?

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஒரு கூடுதல் சங்கதி. ‘ஹீ இஸ் ஒன் ஆஃப் தி பாய்ஸ் ஹூ ஸ்டடி ஹார்ட்’ என்பதில் ஸ்டடீஸ் வராது. நன்றாகப் படிக்கிற பையன்கள் பலர், அவர்களில் இவன் ஒருவன். ஹூ என்பது பாய்ஸைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது.

‘எல்லோரும் வந்துவிட்டார்கள்’ என்பது பன்மைதானே? ஏன் ‘எவ்ரிபடி ஹேஸ் கம்’?

தமிழும் ஆங்கிலமும் நேருக்கு நேர் முட்டிக்கொள்ளும் இடம் இது. நமக்கு எல்லோரும் என்றால் ஒரு கூட்டம். ஆங்கிலத்தில் எவ்ரிபடி என்பது கூட்டத்தை ஒவ்வொருவராகப் பிரித்து எண்ணுகிறது. ‘படி’ என்பது ஒரு ஆள். எனவே எவ்ரிபடியைப் பார்த்ததும் மனத்துக்குள் ‘எல்லோரும்’ என்று மொழிபெயர்க்காதீர்கள், ‘ஒவ்வொருவரும்’ என்று மொழிபெயருங்கள். எவ்ரிஒன், சம்ஒன், நோபடி, எனிபடி, எவ்ரிதிங், நத்திங், ஈச், எவ்ரி எல்லாம் ஒருமை. ‘ஈச் ஆஃப் தி கேர்ள்ஸ் ஹேஸ் எ டிக்கெட்.’ ‘எவ்ரி பாய் அண்ட் எவ்ரி கேர்ள் வாஸ் ப்ரெசென்ட்.’

நம்முடைய ‘எல்லோரும்’ போலப் பன்மை வேண்டுமென்றால் ஆல் இருக்கிறது: ‘ஆல் ஆஃப் தெம் ஹேவ் கம்.’

பின்னால் ‘தேர்’ போடலாமா, ‘ஹிஸ்’ போட வேண்டுமா என்றும் கேட்பார்கள். ‘எவ்ரிபடி ஹேஸ் பிராட் தேர் லஞ்ச்’ என்பதைப் பழைய வாத்தியார்கள் சிலர் அடித்துவிடுவார்கள். ஆனால் தே, தேர் இரண்டையும் ஒருவருக்கும் பயன்படுத்துவது 14ஆம் நூற்றாண்டிலிருந்தே ஆங்கிலத்தில் உள்ள வழக்கம். நான் மதிப்பெண் குறைப்பதில்லை. உங்கள் பள்ளியில் எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

போலீஸ் இஸ்ஸா, போலீஸ் ஆரா?

ஆர். ‘போலீஸ் வந்தது’ என்று நாம் ஒருமையில் சொல்வதால் கை இஸ் பக்கம் போகும். ‘தி போலீஸ் ஹேவ் அரெஸ்டட் டூ மென்’ என்றுதான் ஆங்கிலப் பத்திரிகையில் இருக்கும். நாளைக்குக் காலையில் எடுத்துப் பாருங்கள். பீப்புள், கேட்டில் இரண்டும் இதே ரகம். தி ரிச், தி புவர், தி பிளைண்ட் என்று ஒரு பண்பைச் சொல்லி மக்களைக் குறித்தாலும் பன்மை.

இதற்கு எதிர்ப்பக்கம்: கடைசியில் எஸ் இருக்கும், ஆனால் ஒருமை. நியூஸ், மேத்ஸ், ஃபிஸிக்ஸ், எகனாமிக்ஸ். ‘மேத்ஸ் இஸ் ஈஸி’ என்பது இலக்கணப்படி சரி, உண்மையா என்பது உங்கள் பாடு.

மூன்றாவது ரகம், நமக்கு ஒரு பொருள், அவர்களுக்குப் பன்மை. கத்தரிக்கோல் ஒன்றுதான், ‘தி சிசர்ஸ் ஆர் ஷார்ப்’. கண்ணாடி ஒன்றுதான் உடைந்தது, ‘மை ஸ்பெக்டகிள்ஸ் ஆர் ப்ரோக்கன்’. பேன்ட்டும் அப்படியே, ‘மை ட்ரவுசர்ஸ் ஆர் டைட்’. எல்லாம் இரண்டு கால், இரண்டு கண், இரண்டு அலகு உள்ள சாமான்கள். முன்னால் ‘எ பேர் ஆஃப்’ சேர்த்தால் ஒருமையாகிவிடும், ஏனென்றால் இப்போது எழுவாய் பேர்.

இன்ஃபர்மேஷன், அட்வைஸ், ஃபர்னிச்சர், லக்கேஜ், ஹோம்ஒர்க் ஆகியவற்றுக்குப் பன்மையே இல்லை. ‘ஃபர்னிச்சர்ஸ்’ என்று பல கடைப் பலகைகளில் எழுதியிருக்கிறது. பலகையைப் பார்த்து இலக்கணம் படிக்காதீர்கள்.

டீம், ஃபேமிலி, கவர்ன்மென்ட் எல்லாம்? கிரிக்கெட் கமென்டரியில் ‘இந்தியா ஆர்’ என்று கேட்டேனே?

சரியாகத்தான் கேட்டிருக்கிறீர்கள். ‘இந்தியா ஆர் 150 ஃபார் 3’ என்பது பிரிட்டிஷ் வழக்கு. அணியைப் பதினொரு ஆட்களாகப் பார்த்தால் பன்மை, ஒரே அமைப்பாகப் பார்த்தால் ஒருமை. பிரிட்டிஷ் ஆங்கிலம் இரண்டுக்கும் இடம் கொடுக்கும், அமெரிக்க ஆங்கிலம் பெரும்பாலும் ஒருமைதான் போடும். பரீட்சைக்கு ஒருமை பாதுகாப்பானது: ‘தி டீம் இஸ் ஸ்ட்ராங்’, ‘மை ஃபேமிலி லிவ்ஸ் இன் திருச்சி’. எதைத் தேர்ந்தெடுத்தாலும் பாதியில் கட்சி மாறக் கூடாது.

நைதர்–நார், ஐதர்–ஆர் வரும்போது குழம்புகிறது.

பக்கத்தில் இருப்பதைப் பார்க்காதே என்று மேலே அவ்வளவு நேரம் சொன்னேன். இங்கே மட்டும் பக்கத்தில் இருப்பதைத்தான் பார்க்க வேண்டும். ‘நைதர் தி டீச்சர் நார் தி ஸ்டூடன்ட்ஸ் ஹேவ் தி கீ.’ வினைக்கு அருகில் ஸ்டூடன்ட்ஸ், ஹேவ். திருப்பிப் போட்டால் ‘நைதர் தி ஸ்டூடன்ட்ஸ் நார் தி டீச்சர் ஹேஸ் தி கீ’. பன்மையை இரண்டாவதாக வைத்து எழுதினால் காதுக்கும் இதமாக இருக்கும்.

‘எ நம்பர் ஆஃப்’, ‘தி நம்பர் ஆஃப்’ இரண்டும் வேறா?

வேறு. முதலாவது ‘பல’, பன்மை: ‘எ நம்பர் ஆஃப் பஸ்ஸஸ் ஆர் லேட்.’ இரண்டாவது ‘எண்ணிக்கை’, ஒருமை: ‘தி நம்பர் ஆஃப் பஸ்ஸஸ் இஸ் ஸ்மால்.’ பல பேருந்துகள் தாமதம். பேருந்துகளின் எண்ணிக்கை குறைவு. தமிழில் சொல்லிப் பார்த்தாலே போதும்.

‘ஃபைவ் ஹண்ட்ரட் ருப்பீஸ் இஸ்’ என்று புத்தகத்திலேயே இருக்கிறது. அச்சுப் பிழையா?

இல்லை, இதுதான் ஆங்கில வழுவமைதி. ருப்பீஸ் பன்மைதான். ஆனால் ஐந்நூறு தனித்தனி ரூபாய்கள் என்று யாரும் எண்ணுவதில்லை, ஒரு தொகையாகப் பார்க்கிறோம். பணம், தூரம், காலம், எடை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ‘டென் கிலோமீட்டர்ஸ் இஸ் எ லாங் வாக்.’ ‘த்ரீ அவர்ஸ் இஸ் எனஃப் ஃபார் திஸ் பேப்பர்.’

இதேபோல் வழக்கத்தால் நிலைத்த ஃப்ரேஸ்கள் சில உண்டு. ‘மெனி எ மேன் ஹேஸ் ட்ரைட்’: பொருள் பலர், வடிவம் ஒருமை. ‘மோர் தேன் ஒன் ஸ்டூடன்ட் இஸ் ஆப்சென்ட்’: ஒன்றுக்கு மேல் என்றாலும் ஒருமை. ‘இஃப் ஐ வேர் யூ’: நான் நீயாக இருந்தால். நடக்கவே நடக்காத ஒன்று என்பதைக் காட்டத்தான் வாஸ் போகவேண்டிய இடத்தில் வேர். இவற்றை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள் என்று தயங்காமல் சொல்வேன்.

எல்லா வாக்கியத்துக்கும் பின்னால் ‘இஸின்ட் இட்?’ போடலாமா?

நம் ‘இல்லையா?’, ‘தானே?’ எதற்குப் பின்னாலும் வரும். அந்த வசதியில் ‘யூ ஆர் கமிங், இஸின்ட் இட்?’ என்று நாடு முழுக்கப் பேசுகிறோம். பேச்சில் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பரீட்சையில் கொஸ்டின் டேக் என்பதும் ஓர் அக்ரிமென்ட்தான். முன்னால் உள்ள துணைவினையும் எழுவாயும் பின்னால் எதிரொலிக்க வேண்டும்: ‘யூ ஆர் கமிங், ஆரின்ட் யூ?’, ‘ஷீ சிங்ஸ் வெல், டஸின்ட் ஷீ?’, ‘தே டிடின்ட் கம், டிட் தே?’. முன்னால் ஆம் என்றால் பின்னால் இல்லை, முன்னால் இல்லை என்றால் பின்னால் ஆம்.

வேடிக்கை இரண்டு. ‘ஐ ஆம் லேட்’ என்பதற்கு டேக் ‘ஆரின்ட் ஐ?’. எவ்ரிபடிக்கு வினை ஒருமை, ஆனால் டேக்கில் பன்மை: ‘எவ்ரிபடி ஹேஸ் கம், ஹேவின்ட் தே?’. இதுவும் வழுவமைதி கணக்கில் சேரட்டும்.

‘நானும்தான்’ என்று சொல்வதற்கும் இந்த எதிரொலிதான். உங்கள் தோழி ‘ஐ லைக் மழை’ என்று பாதித் தமிழில் சொன்னால்கூட நீங்கள் ‘ஸோ டூ ஐ’ என்று முழு ஆங்கிலத்தில் சொல்லலாம். ‘ஹீ ஹேஸ் ஃபினிஷ்ட்’ என்றால் ‘ஸோ ஹேவ் ஐ’. இல்லை என்பதற்கு ‘நைதர் டூ ஐ’.

எழுதி முடித்தபின் எப்படிச் சரிபார்ப்பது? ஒரு பத்தி கொடுங்கள்.

வினைகளை மட்டும் தேடி அடிக்கோடு போடுங்கள். ஒவ்வொரு வினையிடமும் ‘யார்? எது?’ என்று கேளுங்கள். கிடைத்த பெயரை வினையோடு ஒட்டி, நடுவில் உள்ளதை விட்டுவிட்டு, வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் போதும். இதோ பத்தி, எட்டுப் பிழைகள் இருக்கின்றன:

‘மை அங்கிள் லிவ் இன் மதுரை. ஹீ ஹேவ் டூ சன்ஸ். ஒன் ஆஃப் ஹிஸ் சன் ஒர்க் இன் எ பேங்க். தி அதர் டோன்ட் லைக் ஆஃபீஸ் ஒர்க், ஸோ ஹீ ரன் எ டீ ஷாப். எவ்ரிபடி இன் அவர் ஃபேமிலி ஆர் ப்ரவுட் ஆஃப் ஹிம். தி டேஸ்ட் ஆஃப் ஹிஸ் வடாஸ் ஆர் ஃபேமஸ், இஸின்ட் இட்?’

முதலில் நீங்களே பாருங்கள், அப்புறம் கீழே வாருங்கள்.

அங்கிள் ஒருவர், லிவ்ஸ். ஹீ ஹேஸ். ஒன் ஆஃப் ஹிஸ் சன்ஸ், அதற்கு ஒர்க்ஸ். இந்த ஒரே வாக்கியத்தில் இரண்டு பிழை. தி அதர் என்பவன் ஒருவன், டஸின்ட் லைக். ஹீ ரன்ஸ். எவ்ரிபடி இஸ், நடுவில் ஃபேமிலி வந்து குழப்பினாலும். டேஸ்ட் இஸ், வடைகள் எத்தனை தட்டு இருந்தாலும். கடைசியில் உள்ள ‘இஸின்ட் இட்’டையும் சேர்த்து அடித்திருந்தால் அதை மட்டும் திரும்ப எழுதிவிடுங்கள். எழுவாய் டேஸ்ட், அதற்கு இட். இங்கே அது சரிதான்.